காவல் முறை

குரங்குகள் இரவில் காவல் வைப்பதில்லை, கூட்டம் மொத்தமும் நிம்மதியாகத் தூங்குகிறது என்று ஆய்வறிக்கையில் அடித்துச் சொல்லியிருந்தாள் பியூலா. மூன்று மாதம் அத்திமரத்தடியில் விடிய விடியக் கண்விழித்துப் பார்த்தவள். அவளிடம் எவரால் வாதாட முடியும்? ஊருக்குக் கிளம்பும் மாலையில், அதே மரத்தடியில் நின்று, மூத்த மந்தியின் கழுத்துப்பட்டைக் கருவி பதிந்துவைத்த தூக்கக் கணக்கைக் கடைசியாக ஒருமுறை புரட்டினாள். நான்கு இரவுகள் மட்டும் அது விடியும்வரை ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை. அந்த நான்கு இரவும் பியூலா காய்ச்சலில் கூடாரத்துக்குள் சுருண்டு கிடந்தாள்.

"பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு மேடம். இருட்டுறதுக்குள்ள மலையிறங்கிரலாம்" என்றார் ஜீப் ஓட்டும் சுடலைமுத்து.

அவள் அண்ணாந்து பார்த்தாள். உச்சிக்கிளையில் மூத்த மந்தி, அவள் நிற்பதை ஒருமுறை எட்டிப்பார்த்து உறுதிசெய்துகொண்டு, தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியது.