பால் குடித்த கன்னம்

காலி மாத்திரை அட்டையைக் கடைப்பலகை மேல் வீசியெறிந்தாள் அந்த ஒல்லிப் பெண்.

“இது நீங்க விக்கிறதுதானே?”

பாலைவன நகரமான நுவாக்சோட்டின் சந்தையில் பத்து வருடமாகக் கடை போட்டிருக்கும் தெக்பர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் சுற்றியிருந்த முக்காட்டுத் துணி, கொடியில் காய்வதுபோல் தொங்கியது.

“உடம்பு ஏறலைன்னு சண்டைக்கு வந்தியாக்கும்? ஒரு அட்டையில என்னடி ஏறும்? மூணு அட்டை முழுங்கு. அப்பத்தான் உன் புருஷன் கைக்கு ஏதாவது அகப்படும்.”

பக்கத்துக் கடைப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நான் ஆஸ்பத்திரி நர்ஸ். மாட்டைக் கொழுக்க வைக்கிற மருந்தைப் பொண்ணுங்களுக்கு விக்கிறீங்களே, மனசாட்சி இருக்கா? தெருவில விழுந்து கிடந்த ஒருத்தியைக் காலையில டாக்சிக்காரர் தூக்கிட்டு வந்தார். கையில இந்த அட்டை. எங்க வாங்கினேன்னு கேட்டா, வாங்கவே இல்லைங்கறா. பேரும் வயசும் சொன்னா, சீட்டுல எழுதிக்கிட்டேன், அதோட பேச்சு நின்னுபோச்சு. அதான் கடைகடையா ஏறி இறங்கறேன்.”

“பொய் சொல்றா. இதை எவ சும்மா கொடுப்பா?” தெக்பர் எழுந்தே விட்டாள். “ஊர் கேக்குது, நான் விக்கிறேன். ஒருத்தி ஒல்லியா இருந்தா, அப்பன் வீட்டுல சோறு இல்லைன்னு பேசுதே ஊரு, முதல்ல அந்த வாயை மூடிட்டு வந்து என்கிட்ட பேசு!”

“உங்க பொண்ணுக்கு இதைக் கொடுப்பீங்களா?”

தெக்பருக்கு ரத்தம் தலைக்கேறியது.

“என் பொண்ணுக்கா? இந்தக் கருமத்தையா? சுள்ளி மாதிரி இருந்தா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிக்கப் போறாங்கடின்னு திட்டித் திட்டி ஒட்டகப் பாலைக் குடிக்க வச்சேன். வெறும் பால்! ரெண்டே மாசத்துல கன்னம் எப்படி உப்பியிருக்குன்னு வந்து பாரு. வியாழக்கிழமை கல்யாணம். பத்தொன்பது வயசுல என் லாலியா மாதிரி இந்தச் சந்தையில ஒருத்தி உண்டா?”

பதிலுக்கு வாயெடுத்த நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பிரித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். இத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த முகத்தில் கோபம் இருந்த இடமே தெரியவில்லை.

“என்ன, வாயடைச்சுப் போச்சா?” என்றாள் தெக்பர்.

“கடையை மூடுங்கம்மா. உடனே என்கூட வாங்க.”