வளைவில் நிற்கும் லொறி

"உன்ர வேலையோ பேயின்ர வேலையோ எனக்குத் தெரியாது செல்வா. நாளைக்கும் லொறி நிண்டால் நான் வேற கராஜுக்குக் கொண்டுபோவன்."

லொறி முதலாளி விமலநாதன் போனை வைத்துவிட்டார்.

வேறு கராஜ்காரன் கொம்பியூட்டரைப் பொருத்தினால் போதும், குட்டு உடைந்துவிடும். அந்த லொறிக்கு டியூனிங் செய்து வலுவைக் கூட்டியவர் செல்வராசா. அதோடு விட்டாரா? வேகக் கட்டுப்பாட்டையும் கழற்றிவிட்டார். ஜெர்மனியில் இது தெரியவந்தால் கராஜை இழுத்து மூடிவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

டியூனிங் முடிந்த அடுத்த நாளே தொடங்கியது இந்தக் கூத்து. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் போகும் வழியில், எல்ப ஆற்றின் அணையோர வளைவில், ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் பொசுக்கென்று செத்துப்போகும். இரண்டு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமிக்கொண்டு கிளம்பும்.

செல்வராசா டீசல் வடிகட்டியை மாற்றினார். பம்பை மாற்றினார். வயர் வயராகத் தடவிப் பார்த்தார். கராஜில் நாள் முழுக்க ஓடவிட்டாலும் ஒரு முனகல் இல்லை. கொம்பியூட்டரில் ஒரு பிழையும் பதிவாகவில்லை.

சனிக்கிழமைகளில் நிற்பதில்லை. ஒக்டோபரில் இரண்டு கிழமை நிற்கவே இல்லை. மற்றபடி அதே வளைவு, காலை ஏழு இருபத்திரண்டு. போதாக்குறைக்கு அந்த வளைவில் யாரோ செத்த இடத்தில் நட்ட மரச்சிலுவை ஒன்றும் இருந்தது. விமலநாதன் கோயிலில் அர்ச்சனை செய்து, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தும் பார்த்துவிட்டார்.

"பேயுமில்லை, பிசாசுமில்லை. அந்த டிரைவர் பெடியனுக்கு ஓடத் தெரியேல்லை. நாளைக்கு நானே அவனோட போறன்," என்றார் செல்வராசா, மனைவி ஜெயமலரிடம்.

அவர்கள் வீடும் அந்த வளைவுக்குக் கிட்டத்தான். அதனால் ஜெயமலருக்கு இந்தக் கதையே பிடிப்பதில்லை.

"போங்கோ, போங்கோ. பிள்ளையின்ர சைக்கிள் பின் லைற்றை எப்ப பாக்கப்போறியள்? விட்டு விட்டு எரியுதெண்டு ரெண்டு மாசமாச் சொல்லுறன்."

"இது முடியட்டும். ஞாயிற்றுக்கிழமை பாப்பம்."

அவர் சொல்லும் ஞாயிற்றுக்கிழமைகளை மகள் தேனுஜா எண்ணுவதை விட்டு வெகுநாளாகிறது. விடிய ஆறு மணிக்கே கராஜுக்குப் போய்விடுகிற மனிதர் அவர்.

மறுநாள் காலை ஒரே பனிப்புகார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ஜெசிந்தன் லொறியை ஓட்டினான். செல்வராசா மடியில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு கண்ணெடுக்காமல் பார்த்தபடி இருந்தார்.

ஏழு இருபது. அணை வீதி. எஞ்சின் நல்லாய்த்தான் பாடியது.

ஏழு இருபத்தொன்று. ஜெசிந்தன் வேகத்தைக் குறைத்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான்.

ஏழு இருபத்திரண்டு. எஞ்சின் செத்தது.

பயங்கர அமைதி. கண்ணாடிக்கு வெளியே அந்த மரச்சிலுவை மட்டும் மங்கலாய்த் தெரிந்தது. பேயை நம்பாத செல்வராசா தன் பக்கக் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்தார்.

"திரும்ப ஸ்ராட் பண்ணு!"

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை."

அப்போதுதான் அவர் கண்டார். புகாருக்குள் ஒரு சிவப்பு வெளிச்சம். ஒரு முழ உயரத்தில் வீதிக்குக் குறுக்கே மிதந்து வந்தது. எரிந்தது, அணைந்தது. இரண்டு கணம் ஒன்றுமே இல்லை. பிறகு கொஞ்சம் தள்ளி மறுபடி எரிந்தது. அப்படியே புகாருக்குள் கரைந்து காணாமல் போனது.

செல்வராசா கதவுப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜெசிந்தன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் உறுமியது. மடியிலிருந்த கொம்பியூட்டரில் புதிதாய் ஒரு வரி விழுந்திருந்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, யாரோ சாவியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள் என்றது அந்த வரி.

பயம் போய்க் கோபம் வந்தது.

"டேய், நீயே நிப்பாட்டிப்போட்டுப் பேய்க்கதை விடுறியோ? என்ர கராஜ் போகப்போகுதடா!"

"ஓம் அண்ணை, நான்தான். நீங்கள் பக்கத்தில இருந்தும் என்னால நிப்பாட்டாமல் இருக்க ஏலாது."

"ஏன்?"

"டியூனிங் செய்த அடுத்த நாள். கால் பட்டதுதான் தாமதம், லொறி பாய்ஞ்சிட்டுது. இதே இடத்தில பள்ளிக்கூடம் போற ஒரு சின்னப் பிள்ளை சைக்கிளோட குறுக்க வந்தது. ஒரு சாண் அண்ணை, ஒரு சாண்தான். அண்டையிலயிருந்து அந்தப் பிள்ளை கடந்து போகுமட்டும் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நிப்பன், பள்ளிக்கூட லீவு நாளில மட்டும் நிக்கிறதில்லை."

"சும்மா நிண்டிட்டுப் போறதுதானே? எஞ்சினை ஏன் நிப்பாட்டுறாய்?"

"சும்மா நிண்டால் முதலாளி போனில லொறி நிக்கிற இடத்தைப் பாத்திட்டு ஏன் நிக்கிறாயெண்டு என்னைப் பேசுவார். எஞ்சின் நிண்டால் லொறியைத்தான் பேசுவார். பிள்ளையைப் பற்றி ஒருக்காச் சொல்லிப் பாத்தன். பிந்தாமல் ஓடத்தானே டியூனிங் செய்தது எண்டார்."

செல்வராசாவின் கோபம் எங்கேயோ போய்விட்டது. அந்தச் சிவப்பு வெளிச்சம் கரைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரின்ர பிள்ளை?"

"தெரியாதண்ணை. பின் லைற் விட்டு விட்டுத்தான் எரியுது. தகப்பனுக்கு அதைத் திருத்த நேரமில்லைப் போல."