பாசிக் குழுவுக்குப் பன்னிரண்டரை மணி

"பன்னிரண்டரை மணிக்குப் போட்டிருக்கீங்களே மேடம், உங்களுக்கே நியாயமா இருக்கா? அது லஞ்ச் டைம்!"

பிச்சுமணி போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

நாகலக்ஷ்மி அசரவில்லை. "மத்த ஸ்லாட் எல்லாம் ஃபுல் சார்."

"போன வருஷம் காலையிலயே என் மீட்டிங்குக்கு எத்தனை பேர் வந்தாங்கன்னு ஞாபகம் இருக்கில்ல?"

"நாலு பேர். அதுல ஒருத்தர் ரூம் மாறி வந்தவர்" என்றாள் நாகலக்ஷ்மி. "இந்த வருஷமும் முப்பது பேர் சேரலைன்னா ரூல்படி உங்க குழுவை க்ளோஸ் பண்ணிடணும். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து போய்விட்டாள்.

அமெரிக்காவில் மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, வருடம் ஒருமுறை கூடுகிற தமிழ் விஞ்ஞானிகள் சங்கம் அது. அதற்குள் ஆளுக்கொரு ஆர்வம், ஆர்வத்துக்கொரு குழு. அது தொண்ணூற்றேழாம் வருடம். சிப் குழு, சாஃப்ட்வேர் குழு என்றால் உட்கார இடம் கிடைக்காது.

பிச்சுமணியுடையது பாசி ஆராய்ச்சிக் குழு. கூரையிலும் சுவரிலும் பச்சைப் பசேலென்று படர்கிறதே, அதே பாசிதான். மனிதர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன பிறகு அவருக்கென்று மிச்சம் இருந்தது இந்தக் குழு ஒன்றுதான். அதையும் மூடிவிட்டால் பாசியைப் பற்றி யாரிடம் பேசுவார்? வீட்டில் மனைவி காமாக்ஷி, பாசி என்று ஆரம்பித்தாலே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

நேராக சங்கத் தலைவர் தாமஸிடம் போனார்.

"தாமஸ், சாயங்காலம் பொதுக்குழுவுல நான் ஒரு தீர்மானம் கொண்டு வரப் போறேன். குழுக்களை மேய்க்கிற பொறுப்பிலேருந்து அந்த நாகலக்ஷ்மி அம்மாவை மாத்தணும்."

"சார், அவங்க கொஞ்சம் ஸ்ட்ரிக்ட், அவ்வளவுதான். அவசரப்படாதீங்க."

"என்ன ஸ்ட்ரிக்ட்? பசி நேரத்துல எவன் வந்து பாசி பார்ப்பான்? ப்ளான் பண்ணி என் குழுவைத் தீர்த்துக் கட்டுறாங்கய்யா!"

பன்னிரண்டரைக்குக் காலி அறையில் ஸ்லைடு ப்ரொஜெக்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். திரும்பிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அறை நிரம்பி வழிந்தது! மொத்த சிப் குழுவும் வந்திருந்தது. பாசியை வழுக்கி விழுகிற சமாசாரமாக மட்டுமே அறிந்திருந்த கந்தசாமிகூட முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

விளக்கை அணைத்துவிட்டுப் பிச்சுமணி பிய்த்து உதறிவிட்டார். வெயிலில் கருகிச் செத்த மாதிரி கிடக்கிற பாசி, ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் எழுந்துகொள்வதைக் காட்டினார். இருட்டில் யாரோ "அட!" என்றார்கள். அந்த ஒரு "அட"வுக்காகத்தான் அவர் வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருந்தார்.

பேச்சு முடிந்து விளக்கு எரிந்ததுமே பலத்த கைதட்டல். அத்தனை பேரும் மடமடவென்று எழுந்து நின்றார்கள். எழுந்து நின்று கைதட்டுகிறார்கள், அதுவும் பாசிக்கு! பிச்சுமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் பின்வாசல் வழியாக வடிந்து முடிந்த பிறகு, நாகலக்ஷ்மி உள்ளே எட்டிப் பார்த்தாள். "முப்பதுக்கு மேலயே இருந்தாங்க. குழு கன்டின்யூ பண்ணலாம் சார்."

"நீங்க போட்ட ப்ளான் பலிக்கலை, பாத்தீங்களா?"

"ம்" என்றாள். போய்விட்டாள்.

ப்ரொஜெக்டரை மூட்டை கட்டிவிட்டு, வெற்றி வீரராகச் சாப்பாட்டு வரிசையில் போய் நின்றார். சாயங்காலம் நாகலக்ஷ்மியை எப்படியெல்லாம் கிழிப்பது என்று மனசுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

சாம்பார் சாதக் கரண்டியோடு நின்ற ஜெயலீலா கேட்டாள். "டோக்கன் சார்?"

"என்ன டோக்கன்?"

"லஞ்ச் டோக்கன். உங்க ரூம் பின்வாசல்லதானே குடுத்தாங்க?"

"என் ரூம்லயா? அங்க எதுக்குக் குடுக்கணும்?"

"நாகலக்ஷ்மி மேடம் ஏற்பாடு சார். பாசி லெக்சரை முழுசா கேட்டவங்களுக்குத்தான் டோக்கன்னு காலையிலயே சொல்லிட்டாங்க. அவங்களே வாசல்ல நின்னு குடுத்தாங்க. அதுக்காகத்தானே உங்களுக்குப் பன்னிரண்டரை மணி!"

"ரூல்... ரூல் என்ன ஆச்சு?"

"முப்பது பேர் வரணும்னுதான் ரூல்ல இருக்காம். எதுக்கு வந்தாங்கன்னு கேக்கச் சொல்லி இல்லையாம்" என்று சிரித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க சார்!"

காலித் தட்டோடு நின்ற பிச்சுமணிக்கு முதலில் முகம் சுண்டிப் போயிற்று. நாகலக்ஷ்மியிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து உறுத்தியது. அவளும் பதிலுக்கு ஒரு "ம்"மோடு போய்விட்டாளே!

"சார்!" பின்னாலிருந்து தட்டும் கையுமாகக் கந்தசாமி. "எங்க வீட்டுக் கூரையிலயும் அந்தப் பாசி இருக்கு சார். நாளைக்கு ஆள் வெச்சு சுரண்டச் சொல்லியிருந்தேன். வேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

சாயங்காலம் பொதுக்குழு கூடியது. தாமஸ் தயங்கித் தயங்கி மைக்கைப் பிடித்தார். "பிச்சுமணி சார், குழுக்களோட பொறுப்பாளரைப் பத்தி ஒரு தீர்மானம் கொண்டு வரணும்னு சொல்லியிருந்தார்..."

முன்வரிசையில் நாகலக்ஷ்மி குனிந்த தலை நிமிரவில்லை.

பிச்சுமணி எழுந்து தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷமும் நாகலக்ஷ்மி மேடமே அந்தப் பொறுப்புல இருக்கணும். பாசிக் குழுவுக்கு அதே பன்னிரண்டரை மணியையே குடுக்கணும்" என்றவர், அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்து சொன்னார்: "எனக்கும் ஒரு டோக்கன் எடுத்து வைக்கணும்!"