காகம் தொடாத சோறு

ஊரைப் பிடித்து, இங்கேயே நரைத்துப்போன தளபதி, ஊர்க்காரர்களைப் போலவே அமாவாசையன்று குளித்துவிட்டு, கடலுக்கு அப்பால் செத்துப்போன தன் அம்மாவுக்காகக் கோட்டைச் சுவரில் சோறு வைத்து, கா கா என்று கூப்பிட்டார். காகங்கள் அதைத் தொடவில்லை. அதே சுவரைக் காத்துச் செத்த புருஷனுக்குச் சமையற்காரி செங்கமலம் வைத்த சோற்றைத்தான் கொத்தின.

“என் சோத்த மட்டும் ஏன் தொடமாட்டேங்குது?”

“உங்க அம்மா சோறு தின்னவங்களா, ஐயா?”

“இல்ல, ரொட்டி. மேல கறுப்பா ஏதோ தூவுவாங்க. பேரு மறந்துபோச்சு. மோந்து பாத்தா சொல்லிடுவேன்.”

அவரே மாவு பிசைந்தார். செங்கமலம் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கடுகு, எள், கருஞ்சீரகம் என்று ஒவ்வொன்றாக அவர் மூக்கருகே நீட்டினாள். சுவரில் காகங்கள் காத்திருந்தன.

“இதுவா, ஐயா?”

கண்ணை மூடி முகர்ந்தார். எல்லாவற்றிலும் இந்த ஊர் வீட்டு வாசனைதான் அடித்தது.