வரிசை தெரியாதவன்

எக்கோவைக் கொண்டுபோய் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் மாட்டுகிற மனுஷனோடு ஆயுள் முழுக்க வாழ வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள் குளோரி. நல்லவேளை என்றும் நினைத்தாள்.

மேடையின் பின்பக்கம், கிட்டாரின் சத்தத்தை மாற்றும் பெட்டிகள் அடுக்கிய இடுப்பளவு உயர இரும்பு ராக்கின் முதுகைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். வாயில் சின்ன டார்ச். மடியில் ஆறு வயர்கள்.

இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. ஆறரைக்குக் கச்சேரி. மணி ஐந்து தாண்டிவிட்டது.

அவள் வந்து இறங்கியபோது அவள் கணவன் பிரைட்டன் கிட்டாரை மீட்டிக் காட்டினான். கிணற்றுக்குள் விழுந்த ஆட்டோ ஸ்டார்ட் ஆகாமல் இருமுவதுபோல் இருந்தது.

"மைனி, காலையில இருந்து இந்த ஆட்டோதான் ஓடுது," என்றான் டிரம்ஸ் வாசிக்கும் லிஜோ.

"ஏலே, நீ உன் டிரம்ஸப் பாரு," என்றான் பிரைட்டன், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கிட்டாரின் சத்தம் முதலில் கரகரக்க வேண்டும், பிறகுதான் எதிரொலிக்க வேண்டும். மாற்றி மாட்டினால் எதிரொலியும் சேர்ந்து கரகரத்து எல்லாம் கூழாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் பிரைட்டன் பெட்டிகளை விளக்கின் கணக்கில் அடுக்குகிறவன். அதிகம் மின்னுவது மேலே. வயரையும் அதே வரிசையில் மேலிருந்து கீழாக மாட்டிவிட்டு, "இஞ்ச ஒண்ணும் சரியாவல்ல" என்று வீட்டுக்குப் போன் செய்வான்.

குளோரி குளச்சலில் அப்பாவின் மைக்செட் கடையில் வயர் சுற்றி வளர்ந்தவள்.

முட்டத்தில் புகுந்த வீட்டில் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கச்சேரிக்காரன் பின்னால் அவன் பெண்டாட்டியும் ஊர் ஊராகப் போவதா என்பது மாமியார் செல்லபாயின் கட்சி. முதல்முறை போன் வந்தபோது வெகுநேரம் யோசித்துத்தான் அனுப்பினாள். இப்போதெல்லாம் அவளே விரட்டுகிறாள். "போ மக்கா, நீ போவல்லண்ணா அவனுக்குச் சத்தமே வராது." அண்டை வீடுகளில் அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்கிறாள்.

இப்படிப் பன்னிரண்டு திருவிழா ஆகிவிட்டது. வேனின் முன்சீட்டு. முகத்தில் அடிக்கிற காற்று. பேப்பர் கப்பில் யாரோ போட்ட டீ. ராக்கின் முதுகுக்குப் பின்னால், குழம்புக்கு மீன் கழுவியாச்சா என்று யாரும் கேட்காத இரண்டு மணி நேரம்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? பிரைட்டனிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசி வயரை மாட்டிவிட்டு அவள் கையைத் தூக்கினாள். பிரைட்டன் ஒரே ஒரு தந்தியை மீட்டினான்.

சத்தம் தென்னைகளைத் தாண்டி ரயில் பாதை வரைக்கும் போய் நிதானமாகத் திரும்பி வந்தது. பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குளோரிக்கு உள்ளங்கால் கூசியது. ஒவ்வொரு முறையும் கூசும்.

லிஜோ வெள்ளை டேப்பும் மார்க்கர் பேனாவும் கொண்டுவந்து நீட்டினான்.

"மைனி, ஒவ்வொரு பெட்டி முதுகுலயும் ஒண்ணு ரெண்டுன்னு எழுதி ஒட்டிருங்க. அடுத்த மாசம் திற்பரப்புல கச்சேரி. அம்புட்டுத் தூரம் நீங்க அலையாண்டாம்லா."

நல்ல பையன். நல்லதைத்தான் சொல்கிறான்.

திற்பரப்பு அருவியைக் குளோரி பார்த்ததில்லை. இதே மாவட்டத்தில் பிறந்து இருபத்தேழு வயது வரைக்கும் பார்த்ததில்லை. கச்சேரிக்கு முன்னால் ஒரு எட்டுப் போய்க் காலை நனைத்துவிட்டு வரலாம் என்று போன வாரத்திலிருந்து மனதுக்குள் திட்டம் வைத்திருந்தாள்.

மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பேனாவை வாங்கி மூடியைத் திறந்தாள். மூடி கை நழுவி ராக்குக்கு அடியில் உருண்டது.

குனிந்து கையை விட்டுத் துழாவினாள். அடித்தகட்டின் கீழே ஏதோ ஒட்டியிருந்தது. டார்ச்சைக் காட்டினாள். ஓர் அட்டை. ஓரங்கள் பழுத்துப்போன பழைய அட்டை.

பிரைட்டனின் சாய்ந்த கையெழுத்து. ஆறு வரிகள். முதலில் ட்யூனர், பிறகு கம்ப்ரசர், டிஸ்டார்ஷன், கோரஸ், எக்கோ, கடைசியில் ஆம்ப். டிஸ்டார்ஷனுக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, 'எக்கோ இதுக்குப் பிறவுதான், மாத்தப்பிடாது' என்று எழுதியிருந்தது.

அடியில் ஊரும் வருஷமும். மஸ்கட், 2007. அவன் வளைகுடாவில் வாசித்துக்கொண்டிருந்த காலம்.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 2009-இல்.

குளோரி தலையைத் தூக்கினாள். பிரைட்டன் ஏற்கெனவே சுருதி சேர்ந்துவிட்ட தந்தியைத் திரும்பவும் முறுக்கிக்கொண்டிருந்தான். முகம் பந்தல் பக்கம். காது மட்டும் இந்தப் பக்கம்.

மூடியை எடுத்துப் பேனாவை மூடினாள். லிஜோவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"வேண்டாம் லிஜோ," என்றாள். "எழுதி ஒட்டினாலும் அவியளுக்கு விளங்காது. நானே வாறேன்."