விட்ட இடம்

கணினிக்குள் ஒரு கணினி, அதற்குள் இன்னொன்று. கடைசிக் கணினி ஓயாமல் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தது. நஸீமா எழுதிய நிரல் அதை நொடிக்கு ஆயிரம் முறை பாதியில் நிறுத்தியது. கணக்கின் நடுவே எண்களைப் பிடித்துவைக்கும் அதன் ரிஜிஸ்டர்களில் இருந்ததையெல்லாம் அடுக்கடுக்காக எடுத்துவைத்து, அப்படியே திருப்பிக் கொடுத்தது. ஒரு எண் பிசகினாலும் ஆறு மாத உழைப்பு பாழ். பிசகவில்லை.

சுடச்சுட ஊற்றிய டீயை வாயருகே கொண்டுபோன தணிகாசலம் அசந்துபோனான். "நிறுத்துனது அதுக்குத் தெரியவே தெரியாதா?"

"எப்படித் தெரியும்? விட்ட இடத்துலேருந்துதானே ஓடுது. வெளிய மட்டும்தான் நேரம் போயிருக்கும்" என்றாள் நஸீமா.

"பெரிய ஆளுதான் நீ!" என்று டீயை உறிஞ்சினான். ஜில்லென்றிருந்தது, தடித்த ஆடை உதட்டில் ஒட்டியது.

தணிகாசலம் கோப்பையைக் கீழே வைத்தான். மெல்ல அண்ணாந்து கூரையைப் பார்த்து, மரியாதையாக, "பிரமாதங்க" என்றான்.