ஐந்துக்குப் பின் ஆறு

ஜெலுத்தோங் ஃபிளாட்டில் மத்தியான வெயில் பியானோமேல் ஏறிக் கிடக்கிறது. பெவர்லி ஒரு மாதா கோயில் பாட்டைப் பிரித்துப் பார்க்கிறாள். ஒவ்வொரு கார்டுக்கும், சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுக்கும், அடியில் பென்சிலால் எண் போடுகிறாள். ஒன்று என்றால் வீடு, பாட்டு வந்து அடங்கும் இடம். ஐந்து என்றால் வீட்டுக்குப் போகத் துடிக்கும் ஒலி. வகுப்பில் அப்படித்தான் சொல்லித்தந்தார்கள். அந்த ஐந்தை அவள் அழுத்துகையில் படுக்கையறைக் கதவு உதைபட்டுத் திறக்கிறது. பிறை ஊர் ஃபேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த கணவன் டேரில். "மனுசன் தூங்கறதா இல்லயா? போதும்லா!" கண்ணாடித் தம்ளர் சுவரில் மோதிச் சிதறுகிறது. அடுத்து பியானோ மூடி. அவள் இழுத்துக்கொள்வதற்குள் இடது கை விரல்கள்மேல் முழு வேகத்தில் இறங்குகிறது. அவள் மூடியைத் தள்ளித் திறக்கிறாள். வெள்ளைக் கட்டைகளில் நகக்கண் ரத்தம் சொட்டுகிறது. வலது கையால் அதே ஐந்தை ஓங்கி அடித்து, விடாமல் பிடித்திருக்கிறாள். ஓங்கிய அவன் முஷ்டி அந்தரத்தில் நிற்கிறது. சங்கீதம் தெரியாதவன்தான், ஆனாலும் அவன் காதும் ஒன்றுக்காகக் காத்துக் கிடக்கிறது, தாடை துடிக்கிறது. "முடிச்சித் தொலைடி!" பெவர்லி தாளைப் பார்க்கிறாள். ஐந்துக்கு அடுத்து அவள் ஒன்று என்று எழுதியிருக்கிறாள். அச்சிலுள்ள சுரங்கள் சொல்வதோ ஆறு. காலையிலிருந்து அவள் காதும் ஏமாந்திருக்கிறது. ஆறை அழுத்துகிறாள். அறையே இருண்டதுபோல் ஒலிக்கிறது. ரத்த விரலால் அந்த ஒன்றைத் தேய்த்து அழித்துவிட்டு, கார் சாவியை எடுக்கிறாள்.

"இங்க வீடு இல்ல, டேரில். நான்தான் தப்பா எழுதிட்டேன்."